பேப்பர்ல பழைய அமெரிக்கன் கார் செய்யணும்: இலவச டவுன்லோடா, காசு குடுத்து வாங்கற கிட்டா, நாமளே வரையறதா?

"அண்ணே, 65 மஸ்டாங் பேப்பர் மாடல் எங்கண்ணே கிடைக்கும்?"னு ஆபீஸ்ல கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன் கேட்டான். நாங்க இருக்கறது மிஷிகன்ல, டெட்ராய்ட் பக்கம், இங்க பொங்கல் விழாவுக்குப் போனா எதிர்ல வர்ற ஆள் கார் கம்பெனில இருப்பாரு, இல்லன்னா கார் கம்பெனிக்கு சீட்டோ வயரிங்கோ செஞ்சு குடுக்கற கம்பெனில இருப்பாரு, அதனால இந்தப் பைத்தியம் எல்லாருக்குமே கொஞ்சம் உண்டு. தம்பிக்கு ஒம்பது வயசுல பொண்ணு. குளிர்காலம் வந்தா அஞ்சு மாசம் வீட்டுக்குள்ளயே கிடக்கணும், ஐபேடைப் பிடுங்கிட்டு கையில கத்தரிக்கோல் குடுக்கலாம்னு அவன் யோசனை. ஷெல்ஃப்ல வரிசையா அஞ்சு கார் நிக்கணுமாம்: 65 மஸ்டாங், 57 செவர்லே (சுருக்கமா செவி) பெல் ஏர், 59 கேடிலாக், 53 கார்வெட், மாடல் டி. முன்னாடி இருக்கற நம்பர் வண்டியோட வருஷம், 65-ன்னா 1965.

லிஸ்டைப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு, ஏன்னா பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதி வெச்ச லிஸ்டும் கிட்டத்தட்ட அதேதான், அதுல ரெண்டு கார் இன்னும் ஒரு ஷூ டப்பாக்குள்ள பாதி உடம்போட கிடக்கு. எங்க கிடைக்கும்ங்கறது ரெண்டாவது கேள்விடா, எந்த கார்ங்கறதுதான் முதல் கேள்வின்னு அவன்கிட்ட சொன்னேன். மதிய சாப்பாட்டு நேரம் முழுக்க அது ஓடுச்சு, அதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதறேன், ரொம்ப ஒழுங்கா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

பேப்பருக்கு ஒரு குணம் இருக்கு. கடலைப் பொட்டலம் மடிக்கலாம், குழாயா சுருட்டலாம், பெட்டியா மடிக்கலாம். அதே பேப்பரை ஒரு தேங்காய் மேல சுத்திப் பாருங்க, சுருக்கம் விழாம சுத்தவே முடியாது. ஒரு திசையில மட்டும் வளையற தகடுன்னா பேப்பர் சொன்ன பேச்சு கேக்கும், ஒரே இடத்துல ரெண்டு திசையிலயும் வளைஞ்சா கேக்காது. அப்ப டிசைன் பண்றவன் என்ன செய்வான்னா அந்த இடத்தை ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்ன கீத்தா வெட்டி ஒட்ட வெப்பான். ஒரு கார்ல எத்தனை இடத்துல அந்தக் கீத்து வருதோ அத்தனை கஷ்டம் உங்களுக்கு. டெட்ராய்ட்காரங்க பெரிய பெரிய பிரஸ் மெஷின்ல இரும்புத் தகட்டை இழுத்து அமுக்கி அந்த வளைவெல்லாம் கொண்டு வந்தாங்க, நம்மகிட்ட இருக்கறது ஒரு டப்பா ஒயிட் க்ளூவும் ஒரு கத்தியும்தான்.

இந்தக் கண்ணோட அந்த லிஸ்டைப் பாத்தா எல்லாம் மாறிடும். மாடல் டி-தான் சுலபம், கண்ணை மூடிட்டு ஆரம்பிக்கலாம். 1908-ல டெட்ராய்ட் பிகெட் அவென்யூ ஃபோர்ட் ஃபேக்டரில ஆரம்பிச்சு 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி செஞ்சாங்க, உடம்பு முழுக்கப் பெட்டி, மட்கார்டு ஒரு பக்கமா மட்டும் வளையற பட்டை. தலைவலி சக்கரம்தான், மர ஆரக்கால் ஒவ்வொண்ணையும் வெட்டி எடுக்கணும். இன்னொண்ணு கலர். 1914-லேர்ந்து 1925 வரைக்கும் வந்தது கறுப்பு மட்டும்தான், கறுப்பை பிரிண்ட் பண்ணா இங்க் குடிக்கும், வெட்டின ஓரமெல்லாம் வெள்ளைக் கோடா பல்லிளிக்கும். அதுக்கு முந்தின வருஷத்து மாடலைத் தேடினா பச்சை, சிவப்பு, சாம்பல்னு கிடைக்கும், முன்னாடி பித்தளை ரேடியேட்டரும் இருக்கும், ஷெல்ஃப்ல பாக்கவும் அழகு.

மஸ்டாங் நடுத்தரம். 1964 ஏப்ரல் 17 நியூயார்க் உலகக் கண்காட்சியில வெளியிட்ட வண்டி, மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை, கதவு ஓரளவு தட்டை, அதனால பேப்பருக்கு ஒத்து வரும். கூரை சரிஞ்சு இறங்கற ஃபாஸ்ட்பேக் இன்னும் சுலபம், அந்தக் கூரை ஒரே வீச்சுல ஒரு பக்கமா வளையுது. ஒரு கிட் நல்ல கிட்டான்னு தெரிஞ்சுக்க மஸ்டாங்ல ஒரு இடம் இருக்கு, கதவுக்குப் பின்னாடி சைடுல உள்ள அமுங்கின மாதிரி இருக்கற அந்தக் குழி. சோம்பேறி டிசைனர் அதை வெறும் நிழல் மாதிரி பிரிண்ட் பண்ணி விட்டிருப்பான். கைதேர்ந்தவன் அதைத் தனிப் பாகமா வெட்டி உள்ளுக்குள்ள ஒட்ட வெச்சிருப்பான். வாங்கறதுக்கு முன்னாடி போட்டோல அந்த ஒரு இடத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, மத்ததெல்லாம் தானா தெரிஞ்சுடும்.

59 கேடிலாக் விஷயத்துல எல்லாரும் பின்னாடி மீன் துடுப்பு மாதிரி நிக்கற அந்த வாலைப் பாத்துத்தான் பயப்படுவாங்க. வால் ஒண்ணுமே இல்லைங்க, ரெண்டு தட்டைப் பேப்பரை முதுகோட முதுகு ஒட்டினா முடிஞ்சுது, ராக்கெட் மாதிரி நீட்டிட்டு இருக்கற சிவப்பு லைட் கூட கூம்புதான், பேப்பருக்குப் பிடிச்ச உருவம். உயிரை எடுக்கறது முன்பக்கம், ஹெட்லைட்டுக்கு மேல புருவம் மாதிரி வர்ற மடிப்பும் பானட் ரெண்டு திசையிலயும் உப்பறதும். 57 செவியும் அதே கதை, ஹெட்லைட் குல்லாவும் கூரையும் படுத்தும், மத்தபடி தட்டை. அதுல க்ரோம் பட்டை நிறைய, பிரிண்ட் பண்ண சாம்பல் கலர் க்ரோம் மாதிரி தெரியவே தெரியாது, கிச்சன் அலுமினியம் ஃபாயிலை பட்டையா வெட்டி ஒட்டினா வேற லெவல்.

53 கார்வெட், அதை விட்டுடுங்க. அந்த வருஷம் செஞ்சதே 300 வண்டிதான், எல்லாமே வெள்ளை, உடம்பு ஃபைபர்கிளாஸ். ஃபைபர்கிளாஸ்ங்கறதே எப்படி வேணா வளைக்கலாம்னு வந்த சமாச்சாரம், அதை ஒரு திசைக்கு மேல வளையாத பேப்பர்ல பண்றேன்னு இறங்கறது வம்பை விலைக்கு வாங்கற மாதிரி. என் ஷூ டப்பாக்குள்ள தூங்கற ரெண்டுல ஒண்ணு அதுதான். வெள்ளைக் கார் வேறயா, ஒட்டின இடத்துல விரல் அழுக்கு ஒவ்வொண்ணும் தெரியுது.

தம்பி லிஸ்ட்ல இல்லாத மூணு வண்டியை நான் சேத்தேன். வில்லிஸ் ஜீப், இதை விட பேப்பருக்குன்னே பிறந்த வண்டி கிடையாது, முகம் தட்டை, மட்கார்டு தட்டை, கண்ணாடி தட்டை. இரண்டாம் உலகப் போர்ல வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. அடுத்தது 1961 லிங்கன் கான்டினென்டல், பக்கவாட்டுல பாத்தா இட்லித் தட்டு மூடி இல்ல, செங்கல்லு, அவ்வளவு நேர்கோடு, பின் கதவு வேற எதிர்த் திசையில திறக்கும், குழந்தைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். மூணாவது டிலோரியன். செஞ்சது வட அயர்லாந்துல, கோடு போட்டவர் இத்தாலிக்காரர், அதை அமெரிக்கன் கார்னு சொல்லலாமான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும், எனக்கு அதுல ஆர்வமில்ல, தட்டைத் தட்டையா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு, சில்வர் கார்டுல பிரிண்ட் பண்ணா பெயின்ட்டே இல்லாத நிஜ வண்டி மாதிரியே இருக்கும், எனக்கு அது போதும்.

சரி, எங்க வாங்கறது. முதல்ல எல்லாரும் போறது இலவசத்துக்கு, நானும் போனேன். இன்டர்நெட்ல இலவசமா கிடைக்கற பேப்பர் கார்ல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு குட்டிப் பெட்டி மாதிரி கார்ட்டூன் டைப், ஒரே ஷீட்ல முழு வண்டி, சக்கரம் கூட பிரிண்ட்தான். ஒம்பது வயசுப் பொண்ணுக்கு ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும், மடிக்கறது, கோடு கீறறது, ஒட்டறதுக்குன்னு ஓரத்துல விட்டிருக்கற காது எங்க இருக்குன்னு பாக்கறது எல்லாம் கையில வந்துடும். ஆரம்பத்துக்கு அதை விட நல்லது இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். ரெண்டாவது ஜாதி யாரோ ஒரு ஆர்வலர் ராத்திரி கண் முழிச்சு வரைஞ்சு போட்டது. இதுல தங்கமும் கிடைக்கும் தகரமும் கிடைக்கும், பிரச்சினை என்னன்னா பாதி ஒட்டினப்புறம்தான் அது எதுன்னு தெரியும். செய்முறை இருக்காது, பாகத்துக்கு நம்பர் இருக்காது, இல்ல படம் மங்கலா இருக்கும். பிடிஎஃப்பைத் திறந்து எட்டு மடங்கு பெருசு பண்ணிப் பாருங்க, கோடு அப்பவும் கூர்மையா இருந்தா நம்பி இறங்கலாம், கட்டம் கட்டமா உடைஞ்சா அது யாரோ ஸ்கேன் பண்ணின படம்.

கம்பெனிக்காரங்களே இலவசமா குடுக்கறதும் உண்டு. கேனான் கம்பெனியோட கிரியேட்டிவ் பார்க் வெப்சைட்ல நூத்துக்கணக்குல மாடல் இருக்கு, தரம் நல்லாவே இருக்கும், ஆனா பழைய அமெரிக்கன் காரைத் தேடிப் போற இடம் அது இல்ல, கை பழகறதுக்குப் போற இடம். யமஹா பைக் கம்பெனி ஒரு காலத்துல அசல் மாதிரியே இருக்கற பேப்பர் மோட்டார் சைக்கிள் எல்லாம் சும்மா குடுத்தாங்க, 2018-ல அந்தப் பக்கத்தையே மூடிட்டாங்க. இலவசத்துல எது பிடிச்சுதோ அன்னைக்கே இறக்கி பென்டிரைவ்ல போட்டுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அப்புறம்ங்கற நாள் வரும்போது லிங்க் செத்துப் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "ஆயிரம் பேப்பர் மாடல் ஒரே டிவிடில"ன்னு சல்லிசா விக்கற ஆளுங்க இருக்காங்க. நான் ஒரு தடவை ஒரு ஆன்லைன் கடையில வாங்கி ஏமாந்தேன், ஆயிரத்துல பாதி ஒரே ஃபைல் வேற வேற பேர்ல, மீதி யாரோ காசுக்கு வித்த புக்கைத் திருட்டுத்தனமா ஸ்கேன் பண்ணினது, அதுலயும் பக்கம் கோணலா இருந்துச்சு. ஒரு பாகம் ரெண்டு டிகிரி கோணலா ஸ்கேன் ஆனாலே கதவும் பின்பக்கமும் சேராது. காசும் போச்சு, அந்த டிசைனருக்கும் ஒரு பைசா போகல.

காசு குடுத்து டவுன்லோட் பண்றதுதான் பெரும்பாலானவங்களுக்கு என் சிபாரிசு. ஈகார்ட்மாடல்ஸ் மாதிரி வெப்சைட்கள்ல தனித்தனி டிசைனர்கள் தங்களோட ஃபைலை விக்கறாங்க, விலை பெரும்பாலும் ஒரு ஹோட்டல் காபி, டிபன் செலவுக்குள்ள அடங்கிடும். இதுல இருக்கற பெரிய சௌகரியம் என்னன்னா, கெட்டுப் போனா அந்தப் பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுத்துக்கலாம். குழந்தையோட சேந்து செய்யறவனுக்கு இந்த ஒரு விஷயமே போதும், ஜூஸைக் கொட்டிட்டாளா, பரவால்லடா கண்ணு, இன்னொரு ஷீட். நிறைய டிசைனர்கள் ஒரே வண்டியை நாலஞ்சு கலர்ல குடுப்பாங்க, சில பேர் கலரே இல்லாத வெள்ளை ஷீட்டும் சேத்துக் குடுப்பாங்க, அதுல நாமளே கலர் அடிச்சுக்கலாம். வாங்கும்போது பாகம் எத்தனைன்னு பாருங்க. ஐம்பது அறுபதுக்குள்ளன்னா ரெண்டு மூணு வார இறுதி. இருநூறைத் தாண்டினா அது உங்க ப்ராஜெக்ட், குழந்தையோடது இல்ல. கட்டி முடிச்ச வண்டியோட போட்டோ ஒண்ணாவது இருக்கணும், கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் மட்டும் போட்டிருந்தா அதை யாருமே இன்னும் கட்டிப் பாக்கலைன்னு அர்த்தம் எடுத்துக்கோங்க.

அச்சடிச்ச கிட்டுன்னா அதுக்கு ராஜாங்க போலந்துக்காரங்க. அங்க மாவி மொடெலாஷ்னு ஒரு பத்திரிகை, 1957-ல ஆரம்பிச்சது, வேலையே பேப்பர் மாடல்தான். ஜிபிஎம், மொடெலிக் மாதிரி பதிப்பகங்களும் இருக்கு. ஆஃப்செட் அச்சு, அழுத்தமான கலர், நல்ல தடிமன் பேப்பர், வீட்டு பிரிண்டர்ல அந்தக் கலர் வராது. வண்டிகளை அவங்க வழக்கமா 1:25 அளவுல, அதாவது நிஜ வண்டில இருபத்தஞ்சுல ஒரு பங்கா, செய்யறாங்க. அது நமக்கு ஒரு விதத்துல அதிர்ஷ்டம், இங்க மிஷிகன்ல ஏஎம்டி கம்பெனி ஆரம்பிச்சு வெச்ச பிளாஸ்டிக் கார் கிட்டும் 1:25-தான், அதனால ரெண்டையும் ஒரே ஷெல்ஃப்ல பக்கத்துல பக்கத்துல நிறுத்தலாம், கண்ணை உறுத்தாது.

ஆனா போலந்து கிட்ல நீங்க தேடற கேடிலாக்கும் செவியும் அவ்வளவா சிக்காது. சிக்கறது பட்டாள வண்டி. காரணம் இருக்கு, இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா சோவியத் பக்கத்துக்கு லட்சக்கணக்குல ஜீப்பும் ஸ்டூடிபேக்கர் லாரியும் அனுப்பிச்சு, கிழக்கு முனையில சண்டை போட்ட போலந்து ராணுவமும் அதுல ஓடுச்சு, அதனால வில்லிஸ் ஜீப் அவங்களுக்கும் சொந்த ஊர் வண்டி மாதிரிதான். உங்க லிஸ்ட்ல ஜீப் இருந்தா போலந்து கிட் வாங்குங்க, மஸ்டாங்குக்கு அங்க போய் நிக்காதீங்க.

இந்தக் கிட்ல சிரமமும் உண்டு. இருக்கறது ஒரே பிரதி, வெட்டறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் வீட்டு உபயோகத்துக்கு ஸ்கேன் பண்ணி வெச்சுக்கணும். செய்முறை போலிஷ்ல இருக்கும், போன் கேமராவைக் காட்டினா ஓரளவுக்கு மொழிபெயர்த்துக் குடுக்கும், படத்தைப் பாத்தே முக்கால்வாசி புரிஞ்சுடும். பாகத்து நம்பருக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறி இருந்தா அதைத் தடிமன் அட்டையில ஒட்டிட்டு வெட்டணும்னு அர்த்தம், எத்தனை நட்சத்திரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்னு முன்னாடி பக்கத்துல போட்டிருப்பாங்க, அதைப் பாக்காம ஆரம்பிச்சா அடித்தட்டே சேராது. அப்புறம் தபால் செலவு, நான் முதல்ல வாங்கினப்ப கிட்டோட விலையை விட தபால் ஜாஸ்தி ஆச்சு, அதனால ஒண்ணே ஒண்ணு வாங்காம நண்பர்கள் நாலு பேர் சேந்து ஒரே பார்சலா வரவழைங்க. தேடும்போது இங்கிலீஷ்ல மட்டும் தேடாம போலிஷ்ல மொடெல் கர்டோனோவி, ஜெர்மன்ல பாஸ்டல்போகன்னு போட்டுத் தேடுங்க, இங்கிலீஷ்ல தேடினா கண்ணுலயே படாத கடையெல்லாம் வரும்.

கடைசி வழி நாமளே செய்யறது. கம்ப்யூட்டர்ல காரோட முப்பரிமாண உருவத்தை எடுத்து, மென்பொருள்கிட்ட குடுத்தா அது தோல் உரிச்ச மாதிரி தட்டையா விரிச்சுக் குடுத்துடும். ஜப்பான் டாமா சாஃப்ட்வேர்காரங்களோட பெப்பகுரா இதுக்குப் பேர் போனது. ப்ளெண்டர்ங்கற முப்பரிமாண மென்பொருள்ல இதே வேலைக்கு கூட சேத்துக்கற ஒரு ஆட்-ஆன் இருக்கு, அது இலவசம். கேக்க சுலபமா இருக்குல்ல. கேம்ல வர்ற கார் உருவத்தை அப்படியே போட்டீங்கன்னா ஆயிரக்கணக்குல குட்டி முக்கோணம் வரும், ஹெட்லைட் மட்டுமே இருநூறு துண்டு, எந்த மனுஷனும் அதை ஒட்ட முடியாது. உருவத்தை முதல்ல எளிமையாக்கணும், தானா எளிமையாக்கற பட்டனை அழுத்தினா கார் கசங்கின டப்பா மாதிரி ஆயிடும், அதனால ஒவ்வொரு தகடா கையால மறுபடி வரையறதுதான் வழி. லிங்கனை நான் அப்படித்தான் செஞ்சேன், வரையறதுக்கு ரெண்டு மாசம், கட்டறதுக்கு பத்து நாள். அலுக்கவே இல்ல, ஏன்னா வரையும்போதுதான் அந்தக் கார் ஏன் அப்படி இருக்குன்னு புரியும், பானட்லேர்ந்து டிக்கி வரைக்கும் தோள் மாதிரி ஒரே கோடு ஓடுது, அதை நேரா விட்டா பேப்பர்ல செத்துப் போகும், கொஞ்சூண்டு வில் மாதிரி வளைக்கணும்.

லிங்கனைப் பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு. டியர்பார்ன்ல ஹென்றி ஃபோர்ட் மியூசியத்துல கென்னடி போன 1961 லிங்கன் நிக்குது, நான் போய் நாப்பது போட்டோ எடுத்துட்டு வந்து அளவு போட்டேன், கட்டினா வண்டி ரயில் பெட்டி மாதிரி நீளமா வருது. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டப்புறம்தான் உறைச்சுது, ஜனாதிபதி வண்டிங்கறதால அதை நடுவுல வெட்டி மூணு அடிக்கு மேல நீட்டியிருக்காங்க. சாதா லிங்கன் 212 இன்ச், 1:25-ல இருபத்தொண்ணரை சென்டிமீட்டர் வரணும். மியூசியத்துல அளவெடுக்கறவங்க வண்டி ஃபேக்டரியில வந்தபடியே இருக்கான்னு பலகையைப் படிச்சுட்டு எடுங்க. அதே மியூசியத்துல சீரியல் நம்பர் 1 மஸ்டாங்கும் இருக்கு. கனடாவுல ஸ்டான்லி டக்கர்னு ஒரு பைலட் அதை வாங்கிட்டாரு, அப்புறம் ஃபோர்ட்காரங்க 10 லட்சத்து 1-ஆவது மஸ்டாங்கைக் குடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அது கன்வெர்ட்டிபிள், கூரையே இல்ல, பேப்பர்ல செய்யணும்னா சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் உள்ள செஞ்சாகணும், அதனால ஆரம்பிக்கறவங்க கூரை வெச்ச மஸ்டாங்கையே பிடிங்க, ஜன்னலைக் கறுப்பா பிரிண்ட் பண்ணி விட்டா உள்ள ஒண்ணும் செய்ய வேண்டாம்.

பேப்பரே வேணாம், வேற எதுலயாவது பண்ணலாமேன்னு கேப்பீங்க. மெட்டல் எர்த்ங்கற பேர்ல சியாட்டில் கம்பெனி ஒண்ணு மெல்லிய ஸ்டீல் தகட்டுல மஸ்டாங், மாடல் டி எல்லாம் போடறாங்க, பளபளன்னு அழகா இருக்கும், ஆனா உள்ளங்கை அளவுதான், தகட்டு ஓரம் கையைக் கிழிக்கும், ஒரு காது உடைஞ்சா அவ்வளவுதான், குழந்தைக்கு வேணாம். பிளாஸ்டிக் கிட்ல அந்த வளைவுப் பிரச்சினையே இல்ல, 59 கேடிலாக்கோ கார்வெட்டோ இல்லாம தூக்கம் வராதுன்னா பிளாஸ்டிக்குக்குப் போங்க, க்ளூ வாடைக்கும் ஸ்ப்ரே பெயின்ட்டுக்கும் ஜன்னல் திறக்கணும், ஜனவரியில மிஷிகன்ல ஜன்னல் திறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

எந்த வழியில போனாலும் பிரிண்ட் எடுக்கற இடத்துலதான் நிறைய பேர் கவுந்துடறாங்க. ஐரோப்பா ஃபைலெல்லாம் ஏ4, அமெரிக்காவுல நம்ம பிரிண்டர்ல இருக்கறது லெட்டர் பேப்பர். ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279 மட்டும். பிரிண்டர் தானா "பக்கத்துக்குள்ள அடக்கு"ன்னு 94 சதவீதத்துக்குச் சுருக்கிடும், 1:25 வண்டி 1:26.6 ஆயிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினா வண்டி என்னவோ சேரும், ஆனா ஷெல்ஃப்ல மத்த கார் பக்கத்துல சவலைப் பிள்ளை மாதிரி நிக்கும். அதை விட மோசம், ஒரு பக்கம் சுருங்கி இன்னொரு பக்கம் சுருங்காம வந்தா சக்கரம் குழிக்குள்ளயே போகாது. இதுக்கு ஒரு குறுக்கு வழி, லீகல் சைஸ் கார்டு வாங்குங்க, எட்டரைக்கு பதினாலு இன்ச், அதுக்குள்ள ஏ4 முழுசா உக்காரும், 100 சதவீதத்துல எடுக்கலாம். ஊர்ல இருக்கறவங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அமெரிக்கன் ஃபைல் லெட்டர்ல இருக்கும், ஏ4 அகலம் 6 மில்லிமீட்டர் கம்மி, ஓரத்துல இருக்கற பாகம் வெட்டுப்படும், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சதவீதம்னு கையால 97-ஓ 96-ஓ போட்டுடுங்க. 1:24 ஃபைலை 1:25 ஆக்கணும்னாலும் அதே 96 சதவீதம்தான்.

பேப்பர் தடிமன்லயும் அமெரிக்காக்காரன் ஒரு குழப்பம் பண்ணி வெச்சிருக்கான். 65 பவுண்டு கவர்னு ஒண்ணு, 110 பவுண்டு இண்டெக்ஸ்னு ஒண்ணு, பேரைப் பாத்தா ரெண்டாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தடி மாதிரி இருக்கும். நிஜத்துல 65 கவர் 176 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல), 110 இண்டெக்ஸ் 199 ஜிஎஸ்எம், பெரிய வித்தியாசமே இல்ல. 1:25 காருக்கு உடம்புக்கு 65 கவர் போதும், கண்ணாடி சட்டம், ஸ்டியரிங் மாதிரி பொடிப் பாகத்துக்கு சாதா பிரிண்டர் பேப்பர். லேசர் பிரிண்ட்ல மடிக்கற இடத்துல கலர் உதிரும், இங்க்ஜெட்ல க்ளூ ஈரம் பட்டா கலர் ஓடும், நான் இங்க்ஜெட்ல எடுத்து மேட் ஸ்ப்ரே ஒரு கை அடிச்சுட்டு வெட்டறேன். மடிக்கற கோட்டை எல்லாம் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால கீறிட்டு மடிங்க. வெட்டின வெள்ளை ஓரத்துக்கு அதே கலர் ஸ்கெட்ச் பேனா, இதை ஒருத்தர் செஞ்சாரா செய்யலையான்னு மூணடி தள்ளி நின்னே சொல்லிடலாம்.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு லிஸ்டை மாத்திட்டான். பொண்ணோட முதல்ல இலவச குட்டி டிலோரியன், அப்புறம் காசு குடுத்து மாடல் டி-யும் மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கும், ஜீப்புக்கு என்னோட சேந்து போலந்து பார்சல். கேடிலாக்கை மட்டும் விட மாட்டேங்கறான், வாலு ஈஸின்னு நீங்கதானண்ணே சொன்னீங்கன்னு என் வாயையே பிடிக்கறான். முன்பக்கத்தைப் பத்தி சொன்னதை வசதியா மறந்துட்டான். 23 சென்டிமீட்டர் வண்டி, டிசம்பருக்குள்ள முடிச்சுக் காட்டறேன்னு பந்தயம் கட்டியிருக்கான், நான் அவனுக்கு ஒரு காலி ஷூ டப்பா எடுத்து வெச்சிருக்கேன்.